அருவிக்குப் பயமில்லை... ஊசிக்குப் பயம்!

குற்றாலத்தில் சீஸன் உச்சத்தில் இருக்கும் ஒரு ஜூலை மாதக் காலையில் பேரருவிக் கரையில் போய் நின்று பாருங்கள். நம் ஆட்களின் வீரத்தைப் பார்த்து அசந்து போவீர்கள். உடம்பு முழுக்க எண்ணெய். மசாஜ் செய்கிறவர் முதுகில் தபேலா வாசித்துவிட்டு, கழுத்தைப் பிடித்து 'மடக்'கென்று ஒரு திருப்பு திருப்புகிறார். "இன்னும் நல்லா அமுக்கும்வே" என்று அதட்டல் வேறு! அப்புறம், பொங்குமாக்கடலில் விழுந்து எகிறி வருகிற தண்ணீருக்கு அடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு கால் மணி நேரம். பக்கத்து ஆளின் முழங்கை விலாவில் இடிக்கிறது. பாறை வழுக்குகிறது. அண்ணாச்சி அசரவே இல்லை.

அதே அண்ணாச்சிக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஆறு மாதமாக ஒரு குழி. அருவித் தண்ணீர் வாயில் பட்டதும் 'சுர்'ரென்று மண்டை வரைக்கும் ஏறுகிறது. "பக்கத்துலதானே தென்காசி, போய்க் காட்டிட்டு வந்துருங்களேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

"அட போய்யா, ஊசி போட்டுப் புடுங்கிப் போடுவானுவ. ஒரு கிராம்பை வச்சா எல்லாம் சரியாப் போவும்!"

சிரிக்காதீர்கள். அந்த அண்ணாச்சி நீங்கள்தான். ஊர் தென்காசியாக இல்லாமல் தாம்பரமாக இருக்கலாம். பல் மேல்வரிசையாக இருக்கலாம். மற்றபடி கதை ஒன்றுதான்.

பல் டாக்டரிடம் போகப் பயப்படுகிறவரை நாம் கோழை என்கிறோம். 'இத்தாத்தண்டி உடம்பை வச்சுக்கிட்டு ஊசிக்குப் பயப்படறான் பாரு' என்று வீட்டிலேயே கிண்டல். வார இதழ்களின் ஜோக் பக்கங்களில் டாக்டர் ஜோக் இல்லாத வாரம் உண்டா? நல்ல பல்லைப் பிடுங்கும் டாக்டர், கையில் குறடோடு துரத்தும் டாக்டர்... தலைமுறை தலைமுறையாகச் சிரித்துக்கொண்டே பயத்தை ஊட்டி வளர்த்துவிட்டு, கடைசியில் பயந்தவனையும் பார்த்துச் சிரிக்கிறோம்.

கோழைத்தனம்தான் காரணம் என்றால், கோழை ஏன் பேரருவியில் நிற்கிறார்?

யோசித்துப் பார்த்தால் விஷயம் புரியும். அருவிக்குள் உங்கள் காலால் நீங்களே நடந்து போகிறீர்கள். போதும் என்று தோன்றிய நொடியில் வெளியே வந்துவிடலாம். தண்ணீர் எங்கிருந்து விழுகிறது, எவ்வளவு விழுகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றிவிடுவார். அதாவது, ஆட்டத்தின் விதி உங்களுக்குத் தெரியும். பல் டாக்டர் நாற்காலியில்? மல்லாக்கப் படுக்க வைத்துவிடுகிறார்கள். கண்ணில் விளக்கு. வாய் நிறையப் பஞ்சு. பேச முடியாது, எழுந்திருக்க முடியாது, என்ன கருவி உள்ளே வருகிறது என்று பார்க்க முடியாது. முகமூடி போட்ட ஒருவர் உங்கள் தலைக்கு மேலே இன்னொருவரிடம் ஏதோ இங்கிலீஷில் சொல்கிறார். எங்கேயோ 'ஙொய்ய்ய்' என்று சத்தம்.

இதற்குப் பயப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்! இங்கே மனுஷன் பயப்படுவது வலிக்கு மட்டுமல்ல. தன் உடம்பு தன் கையை விட்டுப் போவதற்கு. இதைப் புரிந்துகொள்ளாமல் 'தைரியமா இருங்க' என்று சொல்வதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தைரியத்தை யாராலும் கடனாகக் கொடுக்க முடியாது. ஆனால் விசிலைக் கொடுக்க முடியும்!

உட்கார்ந்ததும் டாக்டரிடம் சொல்லுங்கள்: "டாக்டர், எனக்குப் பயம். நான் இடது கையைத் தூக்கினா நிறுத்திருங்க." அவ்வளவுதான். பல நாடுகளில் பல் மருத்துவர்கள் பயந்த நோயாளிகளிடம் தாங்களே முதலில் பேசி வைத்துக்கொள்கிற ஏற்பாடு இது. கையைத் தூக்கினால் நிற்கும் என்று தெரிந்துவிட்டால், பெரும்பாலும் தூக்க வேண்டிய அவசியமே வராது. 'நிறுத்தல்லாம் முடியாது, நீங்க சும்மா படுங்க' என்று ஒரு டாக்டர் சொன்னால், தாராளமாக எழுந்து வந்துவிடுங்கள். வேறு டாக்டர் இருக்கிறார்.

அடுத்து, அந்தப் பொய். "எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்!" தமிழ்நாட்டில் இந்தப் பொய்யைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை யாராவது உண்டா? எறும்பு மாதிரியும் இருக்காது, தேள் மாதிரியும் இருக்காது. ஊசி மாதிரி இருக்கும். சில நொடிகள் வலிக்கும். ஈறில் முதலில் மரத்துப்போகிற ஜெல்லைத் தடவிவிட்டு, மருந்தை மெதுவாக ஏற்றினால் அந்த வலியும் குறையும். கேட்டால் தடவுவார்கள், கேளுங்கள். மருந்தோடு கொஞ்சம் அட்ரினலின் சேர்ந்திருப்பதால் ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடக்கலாம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 'ஐயோ, ஹார்ட் அட்டாக்' என்று அண்ணாச்சி அலறுவதற்கு அதுதான் காரணம். அதேபோலப் பல்லை எடுக்கும்போது வலி தெரியாது, ஆனால் அழுத்துவதும் ஆட்டுவதும் நன்றாகத் தெரியும். 'ஒண்ணுமே தெரியாது' என்று சொல்லிவிட்டு அழுத்தினால், ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் மனசு சொல்லும். அடுத்த முறை அந்தப் பக்கமே வரமாட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் வந்திருப்பார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அறுவை சிகிச்சையில் வலியே தெரியாமல் செய்யும் வித்தையை உலகத்துக்குக் காட்டியவர்களில் முன்வரிசையில் நிற்பவர்கள் பல் டாக்டர்கள்தான்! அமெரிக்காவில் 1844-ல் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைச் சுவாசித்துத் தன் பல்லையே பிடுங்கச் சொன்னார் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர். 1846 அக்டோபர் 16-ம் தேதி பாஸ்டன் மருத்துவமனையில் ஈதர் கொடுத்து, ஊரறிய ஆபரேஷன் நடக்க வழி செய்த வில்லியம் மார்ட்டனும் பல் டாக்டர்தான். இன்று உங்கள் ஈறில் போடும் லிக்னோகெய்ன், ஸ்வீடனில் 1943-ல் உருவாக்கப்பட்டு 1948-ல் விற்பனைக்கு வந்தது. நாம் இன்னமும் அதற்கு முந்தைய காலத்துத் தாத்தாவின் அலறலை நினைத்துக்கொண்டு நடுங்குகிறோம்.

'இல்லைய்யா, எனக்கு ஊசி போட்டும் வலிச்சுது' என்கிறீர்களா? நம்புகிறேன். அதற்குக் காரணமும் உங்கள் பயம்தான். கோபப்படாமல் கேளுங்கள். பல்லைச் சுற்றிச் சீழ் பிடித்துவிட்டால் அந்த இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடும். அப்போது மரத்துப்போகும் மருந்து நரம்புக்குள் சரியாகப் போய்ச் சேராது. சும்மா ஒரு குழியாக இருந்தபோது போயிருந்தால், வலியில்லாமல் அரை மணியில் அடைத்து அனுப்பியிருப்பார்கள். பயந்து பயந்து தள்ளிப்போட்டு, முகம் வீங்கிப் போய் நின்றால் வலிக்கத்தான் செய்யும். 'நான் அப்பவே சொன்னேன்ல, வலிக்கும்னு' என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்வீர்கள். அதைக் கேட்டு மூன்று பேர் தள்ளிப்போடுவார்கள். பயம் தனக்கான சாட்சியைத் தானே தயார் செய்துகொள்ளும் லட்சணம் இது!

சில்லென்று பட்டால் ஒரு நொடி கூசி நின்றுவிடுகிறதா? பெரும்பாலும் அடைப்பதோடு தீரும். குளிர்ச்சி போன பிறகும் வலி நீடிக்கிறதா, சூடு பட்டாலும் வலிக்கிறதா, ராத்திரி தானாகவே விண்விண் என்று தெறிக்கிறதா? உள்ளே நரம்பு கெட ஆரம்பித்துவிட்டது. அநேகமாக ரூட் கேனால்தான். அப்புறம் திடீரென்று ஒரு நாள் வலி மொத்தமாக நின்றுவிடும். 'பார்த்தியா, தானாச் சரியாயிருச்சு' என்று கொண்டாடுவோம். சரியாகவில்லை சாமி, நரம்பு செத்துவிட்டது. கிருமி கீழே இறங்கி வேலையைத் தொடர்கிறது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் தாடைக்கு அடியில் பரவி, கழுத்து வீங்கி, நாக்கை மேலே தள்ளி மூச்சையே அடைப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது: லுட்விக்ஸ் ஆஞ்சைனா. 1836-லேயே ஜெர்மன் டாக்டர் ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போனது. ஒரு சொத்தைப் பல் ஆளையே கொல்லும் என்பது மிரட்டல் இல்லை.

இந்தத் தள்ளிப்போடுதலுக்குத் துணை நிற்க எத்தனை பேர்! மெடிக்கல் ஷாப்பில் "பல்வலிக்கு ஒரு செட் மாத்திரை" என்று கேட்டால் எந்தக் கேள்வியும் இல்லாமல் கத்தரித்துத் தருவார்கள். நான்கு நாள் தள்ளும். வயிற்றில் புண்ணோ சிறுநீரகத்தில் கோளாறோ இருப்பவர்களுக்கு அந்த வலி மாத்திரைகளே வேறு வில்லங்கத்தைக் கொண்டுவரும். பொகையிலையைக் கிள்ளிப் பல்லில் வைப்பவர்கள், பொடியைத் திணிப்பவர்கள் இன்னொரு ரகம். வாய்ப் புற்றுநோய்க்குக் கதவைத் திறந்து வைத்து, "வாங்க, உக்காருங்க" என்று உபசரிப்பது மாதிரி அது. கண்டங்கத்திரி விதையைப் புகைத்துப் 'பல் பூச்சி'யை வெளியே எடுப்பவர்கள் இன்னும் சில இடங்களில் உண்டு. தட்டில் விழுந்து கிடப்பது எதுவாக இருந்தாலும் பல்லிலிருந்து வந்த பூச்சி கிடையாது. பல்லில் பூச்சியே கிடையாது. சர்க்கரையைத் தின்னும் பாக்டீரியா சுரக்கிற அமிலம்தான் பல்லை அரிக்கிறது.

கிராம்பை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அதிலுள்ள யூஜினால் உண்மையாகவே கொஞ்ச நேரம் மரக்க வைக்கும். பல் டாக்டர்களும் அதை உபயோகிக்கிறார்கள். கிளினிக்குக்குள் நுழைந்ததுமே உங்கள் வயிற்றைக் கலக்குகிற அந்த வாசனை இருக்கிறதே... அதில் பாதி நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டிக் கிராம்புதான்!

அப்புறம் பெரியவர்கள். "மேல் பல்லை எடுத்தா கண்ணு தெரியாமப் போயிரும் தாயி." பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கான நரம்பு வேறு. இரண்டும் மூளையிலிருந்து தனித்தனி ரூட்டில் புறப்படும் பஸ்கள். மேல் பல் எடுத்ததால் பார்வை போய்விடாது. "க்ளீன் பண்ணினா பல் ஆடும்." காரை படிந்து ஈறு ஏற்கெனவே இறங்கிவிட்டது. அந்தக் காரையை எடுத்ததும் இடைவெளி கண்ணில் படுகிறது, நாலு நாள் கூசுகிறது. சுவரில் அழுக்கை எடுத்ததால்தான் விரிசல் வந்தது என்று கொத்தனாரிடம் சண்டை போடுவீர்களா?

சரி, 'ஆகவே பயப்படாமல் போங்கள்' என்று முடிக்கப் போகிறேன் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை. பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் யாரும் பயப்படுவதில்லை.

தென்காசிக்கு வெகு தூரத்தில், வடக்கே வாணியம்பாடியில் நடந்தது இது. 2022 ஜூலையிலிருந்து 2023 ஏப்ரல் வரை வட தமிழ்நாட்டில் 21 பேருக்கு நியூரோமெலியாய்டோசிஸ் என்ற கொடிய மூளைத் தொற்று வந்தது. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா காரணம். அந்த 21 பேரில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்குக்குப் போய் வந்தவர்கள். அந்தப் பத்துப் பேரில் 8 பேர் செத்துப் போனார்கள். வேலூர் சி.எம்.சி.யும் ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் தமிழக பொது சுகாதாரத் துறையும் துருவித் துருவி ஆராய்ந்தார்கள். ஆய்வுக் கட்டுரை 2025-ல் வெளியானது. எதில் இருந்தது கிருமி தெரியுமா? ஊசியில் இல்லை. டிரில்லில் இல்லை. வாயைக் கழுவ உபயோகித்த சலைன் பாட்டிலில்! சுத்தம் செய்யாத கருவியால் பாட்டிலைத் திறந்து, பஞ்சால் மூடி, மறுபடி மறுபடி அதையே உபயோகித்திருக்கிறார்கள்.

ஊசிக்கு நடுங்கிய எத்தனை பேர் அந்த பாட்டிலைப் பார்த்து நடுங்கியிருப்பார்கள்?

அருவியிலும் இதே கதைதான். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. சீஸன்கூட இல்லை. மலைக்கு மேலே மழை பெய்தது கீழே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. கண்ணெதிரே கொட்டுகிற தண்ணீரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வந்தது.

இதைச் சொல்வது உங்களை இன்னும் பயமுறுத்தவா? இல்லை. பயத்தைத் தூக்கிப் போட வேண்டாம், இடம் மாற்றி வையுங்கள் என்பதற்காக. பல் ஆஸ்பத்திரியில் பயந்தவர் கேட்க வேண்டியது 'வலிக்குமா டாக்டர்?' அல்ல. 'இந்தக் கருவி ஆட்டோகிளேவில் போட்டு எடுத்ததா?' என்பது. ஆட்டோகிளேவ் வேறொன்றுமில்லை, நம்ம பிரஷர் குக்கரின் அண்ணன். 121 டிகிரி நீராவியில், அழுத்தத்தில், கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வேக வைத்தால் கிருமி பிழைக்காது. கருவிகளை உறையில் போட்டு வேக வைப்பார்கள். வெந்ததற்கு அடையாளமாக உறையில் உள்ள குறியின் நிறம் மாறும். அந்த உறையை உங்கள் கண் முன்னால் கிழிக்கச் சொல்லுங்கள். ஊசி புதுசா, கையுறை புதுசா, சலைன் பாட்டில் எப்போது திறந்தது... கேளுங்கள்.

"டாக்டர்கிட்ட போய் அதெல்லாம் எப்படிங்க கேக்கறது, தப்பா நினைச்சுக்குவாரே?" ஓட்டலில் டம்ளரில் ஈ கிடந்தால் சப்ளையரைக் கூப்பிட்டுக் கத்துகிறோமா இல்லையா? இங்கே கத்தக்கூட வேண்டாம். "கோவிச்சுக்கிடாதீங்க டாக்டர், நான் கொஞ்சம் பயந்த சுபாவம். பையைப் பிரிக்கிறதைப் பாத்துக்கிடுதேன்." பயம் உங்களுக்குத் தருகிற லைசென்ஸ் அது. நல்ல டாக்டர் சந்தோஷமாகக் காட்டுவார். ஒழுங்காக ஆட்டோகிளேவ் வைத்திருப்பவருக்கு அதைக் காட்டிக்கொள்ள ஆசையே இருக்கும். முகம் சுளிப்பவர் ஏன் சுளிக்கிறார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

போகிற அன்றைக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பாதிப் பேர் மயங்கி விழுவது பசியில், பழி விழுவது ஊசி மேல். சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை என எது இருந்தாலும் வாயைத் திறந்ததும் முதலில் அதைச் சொல்லுங்கள். காலையில் முதல் ஆளாக நேரம் வாங்கிவிட்டால், வெளியே உட்கார்ந்து அடுத்தவர் பல்லின் டிரில் சத்தத்தைக் கேட்டு வேர்க்க வேண்டியதில்லை. இன்னொன்று, வலி எதுவும் இல்லாத ஒரு நாளில் சும்மா போய்ப் பல்லைக் காட்டிவிட்டு வாருங்கள். ஒன்றுமே செய்யாமல் ஒரு தடவை அந்த நாற்காலியில் படுத்து எழுந்தாலே பாதி பயம் போகும். பிள்ளைகளை முதல் முறை கூட்டிப் போக வேண்டியதும் அப்படித்தான். 'சாப்பிடலேன்னா டாக்டர் மாமாகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்' என்று மிரட்டும் தாய்மார்களே, உங்கள் பிள்ளை நாற்பது வயதில் முகம் வீங்கி உட்கார்ந்திருப்பதற்கான முதல் தவணையை நீங்கள்தான் கட்டுகிறீர்கள்.

பல் டாக்டர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நோயாளி பத்து நாள் யோசித்து, வாசல் வரை வந்து இரண்டு தடவை திரும்பிப் போய், ஒருவழியாக உள்ளே வந்து வாயைத் திறக்கிறார். உங்களில் பலர் சொல்லும் முதல் வாக்கியம் என்ன? "இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

இந்த ஒரு வாக்கியத்துக்குத் தடை போட்டால் போதும், தமிழ்நாட்டின் பாதிப் பற்கள் பிழைக்கும். வந்தவர் ஏற்கெனவே பயத்தில் இருக்கிறார். அதன் தலையில் அவமானத்தையும் ஏற்றி வைக்கிறீர்கள். ஊசி வலியை அவர் மறந்துவிடுவார், நர்ஸ் முன்னால் வாங்கிய திட்டை மறக்க மாட்டார். என்ன செய்யப் போகிறீர்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு ரூபாய்... இந்த மூன்றையும் கருவியைத் தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டால் உங்கள் கட்டணம் ஒன்றும் குறைந்துவிடாது. பில்லைப் பார்த்து வருகிற பயத்தையும் பல் பயம் என்றே நாம் பெயர் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அந்த பில் பயம் யாருக்கு அதிகம்? கடையத்திலும் ஆலங்குளத்திலும் பாவூர்சத்திரத்திலும் வீட்டுத் திண்ணையில் தட்டை மடியில் வைத்து பீடி சுற்றும் பெண்களுக்கு. சுற்றின கணக்குக்குத்தான் கூலி. ஒரு நாள் பல் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு. "பயமா இருக்கு" என்று அவர்கள் சொன்னால் அதில் பாதி, காசு இல்லை என்பதுதான். கௌரவமாகச் சொல்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது, காசு வாங்குவதில்லை. உண்மைதான். ஆனால் அங்கே கூட்டத்துக்கு நடுவே பல ஊர்களில் சுலபமாக நடப்பது பிடுங்குவதுதான். அடைத்துக் காப்பாற்றுவதற்கு நாலு தடவை வரச் சொன்னால் நாலு நாள் கூலிக்கு அவர்கள் எங்கே போவார்கள்? 2019 நவம்பரில் தென்காசியைத் தனி மாவட்டமாக்கினார்கள். கலெக்டர் வந்தார், எஸ்.பி. வந்தார், நல்லது. பீடித் தட்டை இறக்கி வைத்த பிறகு, சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பல் டாக்டர், ரூட் கேனால் செய்யத் தேவையான சாமான்கள், வேலை செய்கிற ஓர் ஆட்டோகிளேவ். கேட்பது இவ்வளவுதான்.